மட்சுவே: அம்மாவோட ஒரு ஏரிக்கரை கோட்டை ஊருக்கு

ஜப்பான் வர்ற நம்ம ஆளுங்க டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, நேரம் இருந்தா ஹிரோஷிமா, இதோட முடிச்சுக்கிட்டு கிளம்பிடுறாங்க. அது தப்புன்னு சொல்லல, ஆனா கோட்டை பாக்கணும்னு ஆசைப்பட்டு ஒசாகா கோட்டைக்குப் போய் லிஃப்ட்ல ஏறி இறங்கிட்டு "பாத்தாச்சு"ங்கிறவங்களைப் பாத்தா எனக்கு மனசு கேக்காது. ஒசாகால இப்ப நிக்கிறது 1931ல கான்கிரீட்ல கட்டினது, வெளிய கோட்டை, உள்ள மியூசியம். அந்தக் காலத்து மரக் கோபுரம் அப்படியே நிக்கிற கோட்டை நாடு முழுக்க பன்னெண்டுதான், அதுல தேசியப் பொக்கிஷம்னு அறிவிச்சது அஞ்சு. ஹிமேஜி எல்லாருக்கும் தெரியும், அந்த அஞ்சுல இன்னொண்ணு மட்சுவே, ஷின்ஜி ஏரியை ஒட்டி ஷிமானே மாநிலத்துல ஜப்பான் கடல் பக்கம் இருக்கு, ஒசாகால வேலை பாக்கிற எங்களுக்கே ரொம்ப நாளா அது மேப்ல ஒரு பேர் மட்டும்தான்.

அம்மா திருச்சியில இருந்து வந்திருந்தாங்க. முழங்கால் வலி, சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. கூட்டம் இல்லாத ஊரா ஒண்ணு காட்டணும்னு யோசிச்சப்போ என் வீட்டுக்காரர்தான் மட்சுவே போலாம்னார், நவம்பர் கடைசி, குளிர் ஆரம்பிச்சிருச்சு. அந்த ட்ரிப்ல நாங்க தெரிஞ்சுக்கிட்டதைத்தான் சொல்றேன், முக்கியமா பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு.

முதல்ல ஒரே ஒரு விஷயம், இதை மட்டும் படிச்சிட்டுப் போனாலும் போதும். மட்சுவேயில கண்டிப்பா ஒரு ராத்திரி தங்குங்க. பக்கத்துல இஸுமோ பெரிய கோயில் இருக்கிறதால நிறைய பேர் அங்க கும்பிட்டுட்டு மத்தியானம் இங்க ஒரு எட்டு வந்து கோட்டை ஏறிட்டு நாலு மணி ரயில்ல கிளம்பிடுறாங்க. இந்த ஊருக்கு நேரக் கணக்கு ஏரியை வச்சுத்தான், சாயங்காலம் சூரியன் ஏரிக்குள்ள இறங்குறதும் விடியக்காலையில சிப்பிப் படகுங்க வர்றதும்தான் இங்க ரெண்டு பெரிய காட்சி, பகல்ல வந்துட்டுப் போறவங்களுக்கு ரெண்டுமே கிடைக்காது.

போற வழி: ஷின்ஒசாகால இருந்து ஷின்கான்சென் புல்லட் ரயில்ல ஒகயாமா, அங்க யகுமோ எக்ஸ்பிரஸ் மாறணும், அது மலைக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு ரெண்டரை மணி நேரத்துக்கு மேல போகும். பழைய யகுமோ வண்டி ஆட்டத்துக்குப் பேர் போனது, வாந்தி வராம இறங்கினா அதிர்ஷ்டம்னு ஆஃபீஸ்ல சொல்வாங்க, 2024ல புது வண்டி விட்டிருக்காங்க, அம்மா ஒகயாமா தாண்டினதும் தூங்கினவங்க மட்சுவேயிலதான் கண்ணை முழிச்சாங்க. டோக்கியோல இருந்து வர்றவங்களுக்கு சன்ரைஸ் இஸுமோன்னு ஒரு ராத்திரி ரயில் இருக்கு, ஜப்பான்ல படுத்துக்கிட்டுப் போற தினசரி ரயில்னா இப்ப இந்த சன்ரைஸ்தான் மிச்சம். அதுல நோபிநோபின்னு ஒரு வகுப்பு, கார்ப்பெட் போட்ட தரையில கால் நீட்டிப் படுத்துக்கலாம், தனியா பெர்த் சார்ஜ் கிடையாது. ஒரு மாசம் முன்னாடி காலையில பத்து மணிக்கு புக்கிங் திறப்பாங்க, நம்மூர் தட்கல் மாதிரி நிமிஷத்துல காலியாயிடும்.

அப்புறம் குடை. இந்தப் பக்கத்துல "சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே"ன்னு ஒரு பழமொழியே இருக்கு. இலையுதிர் காலம் முடிஞ்சு குளிர் வர்ற நேரத்துல வெயிலும் மழையும் பத்து நிமிஷத்துக்கு ஒண்ணா மாறி மாறி வரும், நாங்க ஸ்டேஷன்ல இறங்கினப்போ வெயில், பஸ் ஸ்டாப் போறதுக்குள்ள தூறல், பஸ் ஏறினதும் மறுபடி வெயில். அதனால "வானம் தெளியட்டும், அப்புறம் போலாம்"னு ரூம்ல உக்காந்துடாதீங்க, தெளியும், ஆனா நீங்க செருப்பு மாட்டுறதுக்குள்ள மூடிக்கும்.

ஊரை நடுவுல ஓஹாஷி ஆறு ரெண்டா பிரிக்குது. தெக்கே ஸ்டேஷன், ஹோட்டலுங்க, வடக்கே கோட்டையும் பழைய தெருக்களும். லேக் லைன்னு ஒரு பஸ் எல்லா முக்கியமான இடத்தையும் சுத்தி வரும், ஆனா ஒரே திசையிலதான் சுத்தும், அதனால அடுத்த ஸ்டாப் போறது சுலபம், ஒரு ஸ்டாப் பின்னாடி வரணும்னா ஊரையே ஒரு ரவுண்டு அடிக்கணும். கோட்டை, ஷியோமி நவாதே தெரு, ஹெர்ன்கிற எழுத்தாளர் இருந்த வீடு எல்லாம் பக்கம் பக்கம்தான், அந்த ஏரியாவுக்குப் போறதுக்கும் திரும்புறதுக்கும் மட்டும் பஸ், நடுவுல நடை, இதான் சரி. சில்லறை கையில வச்சுக்கோங்க.

கோட்டைக்குக் காலையிலயே போயிடுங்க. குளிர்காலத்துல இது ரொம்ப முக்கியம், ஏன்னா நவம்பர் கடைசியில சூரியன் அஞ்சு மணி வாக்குலயே மறைஞ்சிடும், கோட்டையும் அந்த நேரத்துக்குத்தான் மூடும், ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும். 1607ல ஹோரியோ யோஷிஹாரு கட்ட ஆரம்பிச்சு 1611ல முடிஞ்ச கோட்டை. ஹிமேஜி வெள்ளை, இது கருப்பு, சுவர்ல கருப்புப் பலகை அடிச்சு, பெரிய அலங்காரம் ஒண்ணும் இல்லாம முரட்டுத்தனமா நிக்கும். பாத்ததும் அம்மா "என்னடி இது, நெல்லு களஞ்சியம் மாதிரி இருக்கு"ன்னாங்க. சண்டைக்குன்னு கட்டினது, அழகுக்கு இல்ல, கிட்டப் போனாதான் புரியும்.

வாசல்லயே செருப்பு, ஷூ கழட்டணும். லேஸ் கட்டுற ஷூ வேண்டாம், கெட்டி சாக்ஸ் வேணும், நானூறு வருஷத்து மரத்தரை குளிர்ல ஐஸ் மாதிரி ஏறும். உள்ள நுழைஞ்சதும் இருக்கிறது அடித்தளம், அங்க ஒரு கிணறு இருக்கு, முற்றுகை வந்தா உள்ளயே தண்ணி வேணும்னு கோபுரத்துக்குள்ளயே வெட்டினது. அதைச் சுத்தி உப்பு, அரிசி எல்லாம் சேத்து வைக்கிற இடம். முழங்கால் முடியாதவங்க இது வரைக்கும் தாராளமா வரலாம், அம்மா கிணத்தை எட்டிப் பாத்துட்டு மேல போற படியை அண்ணாந்து பாத்தாங்க, "மாப்பிள்ளை, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் கீழ வெயில்ல உக்காந்துக்கிறேன்"னுட்டாங்க. நல்ல முடிவு. படி ஏணிக்கு ஒரு தம்பி மாதிரி செங்குத்தா இருக்கு, ஏறுறதை விட இறங்குறதுதான் கஷ்டம், சாக்ஸ் வேற வழுக்கும், கைப்பிடியை விடாம பின்பக்கமா இறங்குறதுதான் பாதுகாப்பு. அந்தப் படியை பௌலோனியாங்கிற லேசான மரத்துல செஞ்சிருக்காங்க, எதிரி உள்ள வந்துட்டா மேல இழுத்துக்கலாம்னு.

மேல போற அவசரத்துல தூணை விட்டுடாதீங்க. பக்கத்துல போய் பாத்தா தூணைச் சுத்தி பலகையை ஒட்டி வச்சு இரும்புப் பட்டையால இறுக்கியிருப்பாங்க, கிட்டத்தட்ட பீப்பாய்க்குப் போடுற மாதிரி. பெரிய பெரிய ஒத்தை மரம் கிடைக்காத காலம், கிடைச்ச மரத்தை வச்சே ஆறு மாடி உயரத்துக்குத் தூக்கணும், அதனால கட்டடம் முழுக்க ஒரே நீளத் தூணா விடாம, ரெண்டு ரெண்டு மாடிக்கு ஒரு தூண்னு தள்ளித் தள்ளி வச்சு எடையை வெளிப்பக்கமா இறக்கியிருக்காங்க. வெளியில இருந்து எண்ணினா அஞ்சு அடுக்கு, உள்ள ஆறு மாடி. எங்க வீட்டுக்காரர் சிவில் படிச்சவர், ஒரு தூண்கிட்ட நின்னா நகரவே மாட்டார், பின்னாடி வந்த ஒரு ஸ்கூல் கூட்டமே எங்களைத் தாண்டிப் போயிடுச்சு.

உச்சியில நாலு பக்கமும் திறந்த அறை. தெக்குப் பக்கம் பாத்தா கூரைங்களுக்கு அந்தப் பக்கம் ஏரி சாம்பல் நிறத்துல விரிஞ்சு கிடக்கும். எதிரி எந்தப் பக்கம் வந்தாலும் தெரியணும்னு இந்த மேட்டைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு படிச்சிருந்தேன், அங்க நின்னப்போதான் உறைச்சுது, ஏரி இருக்கிற பக்கம் காவலே வேண்டாம்.

இந்தக் கோட்டை இன்னைக்கு நிக்கிறதே ஒரு விவசாயியாலயும் ஒரு பழைய சாமுராயாலயும்தான். மெய்ஜி காலத்துல கோட்டையெல்லாம் தேவையில்லன்னு அரசாங்கம் விக்க ஆரம்பிச்சுது, 1875ல இங்க இருந்த மத்த கட்டடம் எல்லாம் இடிஞ்சு போச்சு, கோபுரத்தை 180 யென்னுக்கு ஏலத்துல எடுத்துட்டாங்க, எதுக்கு, மரத்துக்கும் இரும்புக்கும்தான். அப்போ கட்ஸுபே மோடோஎமோன்கிற பணக்கார விவசாயியும் தகாகி கொன்பாச்சிங்கிற முன்னாள் சாமுராயும் அந்தப் பணத்தைத் திரட்டிக் கட்டி காப்பாத்தினாங்க. அப்புறமும் தேசியப் பொக்கிஷம் அந்தஸ்து சுலபமா கிடைக்கல, எந்த வருஷம் கட்டி முடிச்சாங்கன்னு கையில ஆதாரம் இல்ல. 2012ல கோட்டை வளாகத்துக்குள்ள இருக்கிற கோயில்ல ரெண்டு பழைய பிரார்த்தனைப் பலகை கிடைச்சுது, அதுல 1611க்கான வருஷம் எழுதியிருந்துது. ஆனா அது இந்தக் கோபுரத்துலதான் இருந்துச்சுன்னு எப்படி நிரூபிக்கிறது? பலகையில இருந்த ஆணி ஓட்டையை கோட்டைத் தூண்ல இருந்த ஓட்டையோட பொருத்திப் பாத்திருக்காங்க, அப்படியே பொருந்திருச்சு. 2015ல பொக்கிஷம் ஆச்சு. அடித்தளத்துல அந்தத் தூண் இருக்கு, கண்டிப்பா தேடிப் பாருங்க, உச்சியில இருந்து தெரியிற ஏரியை விட எனக்கு இதுதான் பிடிச்சுது.

இறங்கி வந்தா அம்மா பெஞ்ச்ல ஒரு ஜப்பான் பாட்டியோட பேசிக்கிட்டு இருக்காங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு மொழி கிடையாது, ஆனா முழங்காலைத் தட்டித் தட்டிக் காட்டிக்கிட்டு நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு.

மத்தியானத்துக்கு அகழிப் படகு. கோட்டையைச் சுத்தின அகழி இன்னும் பெரும்பாலும் அப்படியே இருக்கு, அதுல ஐம்பது நிமிஷம் போல ஒரு சுத்து. ஒரு டிக்கெட் எடுத்தா அன்னைக்கு முழுக்க மூணு துறையில எங்க வேணா ஏறி இறங்கலாம், அதனால காலையிலயே எடுத்துட்டா பஸ்ஸுக்குப் பதிலா இதையே வண்டியா பயன்படுத்திக்கலாம், கால் முடியாதவங்களுக்கு இதுதான் புத்திசாலித்தனம். படகுல ஷூ கழட்டிட்டு தரையில உக்காரணும், குளிர்காலத்துல நடுவுல கொதாட்சு வச்சிருப்பாங்க, அதாவது அடியில ஹீட்டர் வச்ச குட்டை மேசை, மேல மெத்தை மாதிரி போர்வை, அதுக்குள்ள காலை விட்டுக்கணும். அம்மாவுக்கு சப்பணம் போட முடியாது, காலை நீட்டி உள்ள விட்டுக்கிட்டதுல வலியே தெரியலன்னாங்க, அதுக்காகவே ரெண்டாவது சுத்தும் போனோம்.

வழியில சில பாலம் ரொம்பத் தாழ்வு. கிளம்புறதுக்கு முன்னாடியே படகோட்டி ஒரு ஒத்திகை வைப்பார், மேல் கூரை அப்படியே இறங்கி வரும், எல்லாரும் மேசை மேல கவுந்து படுத்துக்கணும். முதுகு வலி இருக்கிறவங்க இந்த ஒத்திகையிலயே முடியுமா முடியாதான்னு பாத்துக்கோங்க. எங்க படகோட்டி ரிட்டயர் ஆன வயசு, பாலம் வரும்போதெல்லாம் ஏதோ சொல்லிச் சிரிப்பார், அப்புறம் பாலத்துக்கடியில எதிரொலிக்கட்டும்னு ஒரு நாட்டுப்பாட்டு பாடினார். அம்மா பதிலுக்கு ஏலேலோன்னு ஆரம்பிச்சுட்டாங்க, எனக்குத்தான் கூச்சம், படகு முழுக்க கைத்தட்டல்.

அகழி ஓரத் தெருதான் ஷியோமி நவாதே, பைன் மரம், சாமுராய் வீடு, அங்கதான் லாஃப்கேடியோ ஹெர்ன் இருந்த வீடு. கிரேக்கத் தீவுல பிறந்து, அயர்லாந்துல வளர்ந்து, அமெரிக்காவுல பத்திரிகைக்காரரா இருந்துட்டு 1890ல இங்க ஸ்கூல்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க வந்தவர், உள்ளூர் சாமுராய் குடும்பத்துப் பொண்ணு செட்சுவைக் கட்டிக்கிட்டு கடைசி வரைக்கும் ஜப்பான்லயே இருந்துட்டார். பழைய பேய்க்கதையெல்லாம் உலகத்துக்கு எழுதிக் குடுத்தது இவர்தான். மட்சுவேயில இருந்தது ஒரு வருஷம் சொச்சம், குளிர் தாங்காம தெக்கே குமமோட்டோ போயிட்டார், நவம்பர்ல அங்க நின்னா அதுல ஒரு நியாயம் இருக்குன்னு தோணும். வீட்டுல நடு அறையில உக்காந்தா மூணு பக்கமும் தோட்டம். பக்கத்து மியூசியத்துல அவரோட எழுத்து மேசை இருக்கு, அநியாயத்துக்கு உயரம். சின்ன வயசுல ஒரு கண் போச்சு, இன்னொண்ணும் மங்கல், பேப்பர் மூக்குக்கிட்ட வரணும்னு அப்படி செஞ்சு வாங்கினது.

சாப்பாடு. சைவத்துக்கு இது கஷ்டமான ஊர்தான், மறைக்க ஒண்ணும் இல்ல. இஸுமோ சோபா, அதாவது பக்வீட் மாவு நூடுல்ஸ், பிரபலம், வட்டமான அரக்குப் பெட்டி மூணு அடுக்கா வரும், மேல குழம்பை ஊத்திச் சாப்பிடணும், அந்தக் குழம்புல மீன் சாறு. ஏரியிலயோ ஷிஜிமிங்கிற குட்டிச் சிப்பி, மிசோ சூப்னு எங்க குடுத்தாலும் அடியில அது கிடக்கும். அசைவம் சாப்பிடுறவங்க விடாதீங்க, நகம் அளவு சிப்பிக்குள்ள அவ்வளவு ருசி. அம்மாவுக்கு நாங்க பண்ணினது இதுதான்: வெறும் சோபா மட்டும் கேட்டு வாங்கி, பையில இருந்த பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் போட்டுக் கலந்துக்கிட்டாங்க. கடைக்கார அம்மாகிட்ட முன்னாடியே கேட்டுட்டோம், அவங்க பொடியை மோந்து பாத்துட்டு ஒரு சிட்டிகை வாயில போட்டாங்க, முகம் சிவந்து தண்ணி குடிச்சாங்க, அப்புறம் இன்னும் ஒரு சிட்டிகை கேட்டாங்க. எல்லாக் கடையிலயும் இப்படி விடுவாங்கன்னு சொல்ல முடியாது, கெட்டில் இருக்கிற ஹோட்டலா பாத்து எடுத்துக்கோங்க, ஸ்டேஷன் பக்க சூப்பர் மார்க்கெட்ல டோஃபு, பழம், வெறும் சோறு எல்லாம் கிடைக்கும்.

ஆனா இனிப்புல அம்மாவுக்கு ராஜ யோகம். ஏழாவது பிரபு மட்சுதைரா ஹருசாட்டோ, ஃபுமாய்னு சொன்னாதான் ஊர்ல தெரியும், கஜானா காலியா இருந்த நாட்டை நிமிர்த்திட்டு, அப்புறம் டீ சடங்குலயும் டீக் கிண்ணம் சேக்கிறதுலயும் மூழ்கினவர். அவர் புண்ணியத்துல இன்னைக்கும் வீட்டுக்கு வீடு மாச்சாங்கிற பச்சை டீப் பொடியைக் கலக்குற ஊர் இது, கூட ஒரு இனிப்பு. பயறு, அரிசி மாவு, சர்க்கரை, அவ்வளவுதான், பெரும்பாலும் முட்டை கிடையாது, பால் கூடக் கிடையாது. மெய்மெய்ஆன்கிற ஓலைக்கூரை டீ வீடு ஒரு மேட்டு மேல இருக்கு, அங்க கோட்டையைப் பாத்துக்கிட்டு குடிக்கலாம், படி கொஞ்சம் ஏறணும்.

சாயங்காலம் நாலு மணிக்கே ஏரிக்கரைக்குப் போயிட்டோம். ஷிமானே கலை அருங்காட்சியகம் கரையிலயே இருக்கு, ஸ்டேஷன்ல இருந்து பதினஞ்சு நிமிஷ நடை, மார்ச்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அதை மூடுற நேரமே "சூரியன் மறைஞ்சு அரை மணி நேரம் கழிச்சு"ன்னுதான். புல்வெளியில வெண்கல முயல் பன்னெண்டு வரிசையா ஏரியை நோக்கி ஓடும், ஏரிப் பக்கத்துல இருந்து ரெண்டாவது முயலைத் தடவினா நல்லது நடக்கும்னு நம்பிக்கை, அதுக்கு மட்டும் முதுகு பளபளன்னு இருக்கு, பக்கத்துல ஷிஜிமி ஓடு படையல். மேகம் இருந்துது, சூரியன் முழுசா தெரியல, ஆனா யோமெகாஷிமாங்கிற குட்டித் தீவுக்குப் பின்னாடி மேகத்துக்கு அடியில ஒரு கோடு மட்டும் திறந்து ஏரி முழுக்க செம்பு நிறமாச்சு. மேகம் இருக்கேன்னு போகாம இருந்துடாதீங்க, தெளிஞ்ச வானத்தை விட அரைகுறை மேகம்தான் இங்க அழகு. மறைஞ்சதும் கிளம்பாம இன்னும் இருபது நிமிஷம் இருங்க, நிறம் அப்புறம்தான் ஏறும். காத்து மட்டும் தாங்காது, குல்லா இல்லாம போகாதீங்க.

விடிஞ்சதும் நான் மட்டும் கரைக்குப் போனேன். ஷின்ஜி ஏரி கடலோட ஆத்து வழியா சேர்ந்திருக்கிறதால லேசா உப்பு, கடல்ல பத்துல ஒரு பங்கு, அந்தப் பதத்துலதான் ஷிஜிமி வளருது. ஒத்தை ஆள் படகு, கையில ரொம்ப நீளமான கம்பு, நுனியில இரும்புக் கூடை, அதைத் தரையில அழுத்தி இழுத்து, தூக்கித் தண்ணியில அலசுவாங்க, அந்தச் சலசலப்பு கரை வரைக்கும் கேக்கும். இத்தனை மணி நேரம்தான், இத்தனை பெட்டிதான்னு கட்டுப்பாடு வச்சிருக்காங்க, வாரத்துல சில நாள் ஏரிக்கு லீவு, அதனால எந்த நாள்னு ஹோட்டல்ல கேட்டுட்டு அலாரம் வைங்க.

அன்னைக்கு இஸுமோ கோயிலுக்கு இச்சிபாட்டா ரயில்ல போனோம், ஷின்ஜிகோ ஒன்சென் ஸ்டேஷன்ல ஏறணும், நாங்க வந்து இறங்கின ஜேஆர் ரயில்வேயோட மட்சுவே ஸ்டேஷன் வேற, இது வேற, குழப்பிக்காதீங்க. வாசல்லயே கால் நனைக்கிற வெந்நீர்த் தொட்டி இருக்கு, இலவசம், ஒரு துண்டு மட்டும் கொண்டு போங்க, அம்மா ஒரு ரயிலையே விட்டுட்டு அதுல காலை வச்சுக்கிட்டு இருந்தாங்க. ரயில் ஏரியை ஒட்டியே போகும், போகும்போது இடது பக்கம் உக்காருங்க. சைக்கிளைக் கூட உள்ள ஏத்திக்கலாம். பழைய காலண்டர்படி பத்தாவது மாசம், பெரும்பாலும் நவம்பர் வாக்குல, நாட்டுல இருக்கிற அத்தனை தெய்வமும் இஸுமோல கூடும்னு ஐதீகம், மத்த ஊர்ல எல்லாம் அதைச் சாமி இல்லாத மாசம்பாங்க, அந்தச் சமயத்துல ரெண்டு ஊர்லயும் ரூம் கிடைக்காது, ரொம்ப முன்னாடியே புக் பண்ணிடுங்க.

ஊருக்கு வாங்கிட்டுப் போக இனிப்பு வேணும்னா, பச்சை நிறத்துல மெத்துனு இருக்கிற வகாகுசாவை அங்கயே சாப்பிட்டுடுங்க. யமகாவான்னு சிவப்பும் வெள்ளையுமா கட்டி கட்டியா வரும், பெட்டியில காலாவதி தேதியைப் பாத்து அதை வாங்குங்க. கத்தியால வெட்டக் கூடாது, கையால உடைக்கணும், காப்பியோட வேண்டாம், சர்க்கரை போடாத டீயோட. அம்மா திருச்சிக்கு மூணு பெட்டி தூக்கிட்டுப் போனாங்க, ரெண்டு பெட்டியை அவங்களே முடிச்சுட்டாங்கன்னு அப்பா ஃபோன்ல புகார்.